ஸ்பானிஷ்காரர்களுக்கு ஆங்கிலம் எங்கே எளிது, எங்கே கஷ்டம்?

ஸ்பானிஷ் பேசும் வீட்டில் வளரும் குழந்தை சூரியனை சோல் என்றும் நிலாவை லூனா என்றும் பல்லை தியெந்தே என்றும் சொல்லிப் பழகுகிறது. அதே குழந்தை அமெரிக்காவில் ஒரு பள்ளியில் சேர்ந்தால் சன், மூன், டூத் மூன்றையும் புதிதாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் அறிவியல் பாடத்தில் சோலார், லூனார், டென்டல் என்று வருகிறதே, ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகள்கூட மெனக்கெட்டுப் படிக்கும் இந்த வார்த்தைகள் அதற்குப் பாதி தெரிந்தவை.

ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து பிறந்த மொழி, ஆங்கிலமோ ஜெர்மானியக் குடும்பம். ஆனால் 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கி ஆங்கிலத்துக்குள் இறங்கியது. அப்புறம் அறிஞர்கள் லத்தீனிலிருந்தே நேராகவும் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சுக்குப் பழைய ஜெர்மானியச் சொற்களும், படிப்புக்கும் சட்டத்துக்கும் லத்தீன் வழிச் சொற்களும் அதிகம். ‘பொறுத்துக்கொள்’ என்பதற்கு ஸ்பானிஷில் தொலெரார் என்ற சொல் உண்டு, எனவே டாலரேட் சட்டென்று புரிந்துவிடும். எல்லாருமே பேச்சில் சொல்லும் புட் அப் வித் தான் ஆளைத் திணறடிக்கும்!

இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. ஸ்பெயினின் வடகிழக்கில் புழங்கும் கட்டலான் மொழியும் ஸ்பானிஷும் பேசுகிறவர்களிடம் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்ன ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. பூனைக்கு காத், காத்தோ என்பதுபோல இரு மொழியிலும் பெயர் ஒத்திருந்த படங்களுக்கு அவர்கள் வேகமாகப் பதில் சொன்னார்கள். மேசைக்கு ஒன்றில் தௌலா, மற்றதில் மேசா. இப்படி ஒட்டாத பெயர்களுக்கு அந்த வேகம் இல்லை.

ஆனால் இந்த உதவி தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமை பல நேரம் காதுக்குக் கேட்பதில்லை. ‘சாக்லேட்’ இரு மொழியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஸ்பானிஷில் சோ-கோ-லா-தே என்று நான்கு அசையும் முழுதாக ஒலிக்கும், அழுத்தம் மூன்றாவதில் விழும். ஆங்கிலத்தில் முதல் அசையை அழுத்தி மிச்சத்தை விழுங்கிவிடுவார்கள். படித்தால் புரிவது, வேகமாகப் பேசினால் புரியாமல் போவது இதனால்தான்.

சில வார்த்தைகள் ஏமாற்றவும் செய்யும். லிப்ரெரீயா என்றால் நூலகம் இல்லை, புத்தகக் கடை. எக்சிதோ வெளியேறும் வழி இல்லை, வெற்றி. எம்பராசாதா ஆங்கில எம்பராஸ்ட் மாதிரி கூச்சப்படுவது இல்லை, கர்ப்பிணி. இவற்றைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு, ஆனால் உண்மையில் கைகொடுக்கும் சொற்களோடு பார்த்தால் இவை கொஞ்சம்தான்.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய சிக்கல், ஒற்றுமை கண்முன் இருந்தும் கவனிக்காமல் போவது. அமெரிக்காவில் இருமொழி மாணவர்களை வைத்து 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பானிஷ் சொல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே அதன் ஆங்கில ஜோடியைப் பல இடங்களில் அடையாளம் காணவில்லை. அதனால் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும்: சியோன் என்று முடிந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஷன், தாத் என்று முடிந்தால் ட்டி, மென்தே என்றால் லி. நசியோன் நேஷன் ஆகும், உனிவெர்சிதாத் யுனிவர்சிட்டி ஆகும், ரப்பிதமென்தே ரேப்பிட்லி ஆகும். இந்த மூன்று வால்களைப் பிடித்துக்கொண்டாலே நூற்றுக்கணக்கான வார்த்தைகளை ஒரு பிள்ளை தானே ஊகித்துவிடும்.