தேன்சிட்டு ஏன் படத்தில் கருப்பாகிறது?

கோயம்புத்தூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டு முருங்கை பூக்கும்போதெல்லாம் ஊதாத் தேன்சிட்டு வருகிறது. நேரில் நீலமும் ஊதாவுமாக ஜொலிக்கிறது. படம் எடுத்தால் கரிக்கட்டை. என் கேமராவில் கோளாறா?"

கேமராவுக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு. வெளுத்த வானத்துக்கு எதிரே கரிய பறவை உட்கார்ந்தால், கேமரா வானத்தைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு, முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் இறகின் விவரம் தெரியும். ஆனால் ஊதா வராது. கருப்பு கொஞ்சம் சாம்பலாகும், அவ்வளவுதான். ஏனென்றால் அந்தக் கரிய இறகுகளில் ஊதா நிறமி என்று ஒன்று கிடையவே கிடையாது.

இருப்பது மெலனின். நம் தலைமுடியிலும் காக்கையின் சிறகிலும் இருக்கும் அதே கரிய சரக்கு. வித்தியாசம் முழுக்க அடுக்கி வைத்திருக்கும் விதத்தில்தான்.

இறகின் தண்டிலிருந்து இழைகள் கிளைக்கின்றன. இழைகளிலிருந்து இன்னும் நுண்ணிய சிற்றிழைகள். தேன்சிட்டின் மின்னும் இறகில், இந்தச் சிற்றிழைக்குள் மெலனின் துணுக்குகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. அவற்றின் மேல் கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் அதே புரதம்), அதன் மேல் மறுபடி மெலனின் என்று பல அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கின் கனமும் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. ஊதா ஒளியின் அலைநீளமே சுமார் 400 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை 2,500 கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

வெயில் இதன்மேல் விழும்போது முதல் அடுக்கில் கொஞ்சம் திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே போய், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம் என்று திரும்புகிறது. அப்புறம் பள்ளியில் படித்த குறுக்கீட்டு விளைவுதான்: முகடும் முகடும் சேர்ந்தால் பிரகாசம், முகடும் அகடும் சேர்ந்தால் இருட்டு. உள்ளே போய்வந்த கூடுதல் தூரம் எந்த அலைநீளத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதோ, அந்த நிறம் மட்டும் வலுத்து வெளியே வரும். மிச்சத்தை மெலனின் விழுங்கிவிடும். பின்னணியில் வேறு வெளிச்சம் கலக்காததால்தான் அந்த ஊதாவுக்கு அத்தனை கூர்மை.

எனக்குச் சலிக்கவே சலிக்காத இடம் இதுதான். இந்த அடுக்குகளை யாரும் உட்கார்ந்து அடுக்கவில்லை. இறகு வளரும்போது செல்லுக்குள் கெரட்டின் நிறைய நிறைய, மெலனின் துணுக்குகள் தாமாகவே வரிசை கட்டிக்கொள்கின்றன. பிறகு செல் இறந்துவிடுகிறது, வரிசை அப்படியே நின்றுவிடுகிறது. அருங்காட்சியகங்களில் நூறு வருடம் கடந்த பறவைகள்கூட இன்னும் மின்னுவது இதனால்தான்.

சரி, படத்தில் ஏன் காணாமல் போகிறது? சிற்றிழைகள் தட்டையானவை, குட்டிக் கண்ணாடிகளாக வேலை செய்கின்றன. சூரியன், இறகு, லென்ஸ் மூன்றும் சரியான கோணத்தில் அமைந்தால்தான் திரும்பும் ஒளி உங்களை வந்து சேரும். கோணம் தவறினால் மெலனின் மட்டுமே தெரியும். சாய்வு கூடக்கூட நிறமும் நகரும்: பச்சை நீலமாகும், நீலம் ஊதாவாகும், அதற்கு அப்பால் நம் கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் 500 ரூபாய் நோட்டைச் சாய்த்து, இதே குறுக்கீட்டு வித்தையால் நிறம் மாறும் பாதுகாப்பு இழையைப் பாருங்கள். பச்சையிலிருந்து நீலத்துக்குத்தான் போகும், சிவப்புக்கு அல்ல.

மயில் தோகையும் இதே வகையறா. மெலனின் துணுக்குகளின் இடைவெளி சற்றே மாறினால் நீலம் பச்சையாகிறது. இறகைப் பொடியாக அரைத்தால் அடுக்கு குலைந்து பழுப்புத் தூள்தான் மிஞ்சும். மயிலிறகு குட்டி போடும் என்று நோட்டுக்குள் வைத்து வளர்ந்த தலைமுறை நாம். அதில் எனக்குக் கோபமில்லை. மயிலிறகு மாட்டினால் பல்லி வராது என்று பெரியவர்கள் இன்னும் சொல்வதுதான் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் பல்லி அந்த மயிலிறகுக்குப் பின்னாலேயே குடியிருக்கிறது.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1934இல் பனங்காடையின் நீல இறகை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நோபல் பரிசு வாங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. இறகு அவருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. இன்று ஒரு மாணவர் இறகின் நிறத்துக்கு நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்று நினைக்கிறேன். பயன் கேட்பவர் சட்டைப்பையிலேயே அந்த 500 ரூபாய் நோட்டு இருக்கும்.

பனங்காடையின் நீலம் வேறு ரகம். கெரட்டினுக்குள் அடுக்காக இல்லாமல், ஆனால் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் எல்லாத் திசையிலும் பரவிய நுண்துளைகளால் வருவதால் எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் ஏறக்குறைய அதே நீலம்தான். மீன்கொத்தியும் அப்படியே. தேன்சிட்டுக்கு அந்தத் தாராளம் இல்லை.

ஆகவே, வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். பறவை உங்களைப் பார்த்துத் திரும்பும் கணத்தில் நிறம் பற்றிக்கொள்ளும். அது தலையை ஓயாமல் ஆட்டும், அதனால் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள்; ஒன்றிரண்டில் அகப்படும். ஃப்ளாஷ் போட்டாலும் நிறம் வரும், ஒளி லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே போய்த் திரும்புவதால். ஆனால் கூட்டருகே அது வேண்டாம்.

இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் ஆணின் வயிறு மஞ்சளாகி, நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சியிருந்தால் கேமராவைத் திட்டாதீர்கள். அது இறகை மாற்றிக்கொண்டுவிட்டது. அடுத்த இறகுதிர்ப்பு வரை வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த முழு ஊதா கிடைக்காது.