மலையேறும் பழைய கார்களும் ஈயமற்ற பெற்றோலும்

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு அது என்பதால், அந்த முடிவு சரியானதே. ஆனால் எஞ்சின் தட்டாமல் காத்த அதே ஈயம், புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ட் வால்வுக்கும் அது வந்து அமரும் சீட்டுக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு ஒட்டாமலும் தடுத்துவந்தது. அந்தப் படலம் இல்லாதபோது, செந்தணலாய்க் காயும் வால்வு, மென்மையான வார்ப்பிரும்புச் சீட்டிலிருந்து நுண்ணிய துணுக்குகளைப் பிய்த்தெடுக்கிறது. சீட் தேயத் தேய வால்வு, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள் இறங்கி, வால்வின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடையிலான டெப்பட் இடைவெளி குறைகிறது.

சமதரையில் மெதுவாக ஓடும் காரில் இது தெரியவரப் பல ஆண்டுகள் செல்லும். கம்பளையிலிருந்து றம்பொடை வளைவுகளில் ஏறி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஆக்சிலேட்டரை மிதித்தபடியே போய்வரும் காரில் அப்படியல்ல.

தலவாக்கலைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது மொறிஸ் மைனரை எமது கராஜுக்குக் கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஏற்றத்தில் இழுவையும் இல்லை. காபரேட்டரைக் கழுவி, பிளக்குகளை மாற்றியும் பயன் கிடைக்கவில்லை. "பெற்றோலில் ஏதோ கலப்படம் போல, தம்பி" என்றார். 0.012 அங்குல இடைவெளி இருக்க வேண்டிய மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வில், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இந்த எஞ்சினில் நடுச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் புகை வெளியேறும் வழி ஒன்றே என்பதால் சூடு அங்கேதான் அதிகம். அதற்கு முன்பும் இருமுறை வேறிடத்தில் டெப்பட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். காரணத்தைத் தேடாமல் அப்படித் தளர்த்துவது நோயை மறைக்கும், வால்வு மூடாமல் கருகும் வரை.

எல்லாப் பழைய எஞ்சின்களுக்கும் இந்த அச்சம் தேவையில்லை. அலுமினிய ஹெட்டில் சீட் தனி வளையமாகவே பொருத்தப்பட்டிருக்கும். டீசல் எஞ்சினுக்கு இது பொருந்தவே பொருந்தாது. வார்ப்பிரும்பு ஹெட் உள்ளவர்கள், மலைப்பாதையில் அடிக்கடி ஓடுவதாயின், இடைவெளியை அளந்து தேதியுடன் குறித்துவைக்க வேண்டும். ஈயத்துக்குப் பதிலாகப் பெற்றோலில் சேர்மானத் திரவம் ஊற்றுவோர் சொல்லப்பட்ட அளவிலேயே, ஒரே வகையை ஊற்றட்டும்; தேய்ந்த சீட்டை அது மீட்காது.

ஆசிரியரின் காருக்குப் பழைய சீட்டைக் குடைந்தெடுத்து, கடினப்படுத்திய வளையங்களை இறுக்கினோம். பல மாதங்கள் மலையேறி இறங்கிய பின் மீண்டும் அளந்தபோது, அந்த 0.012 அங்குலம் அப்படியே இருந்தது.