புகைபோக்கியை அளப்பவருக்குச் சம்பளம் தருவது யார்?

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டில் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மிகக் கடுமையாக மாசடைந்த இடங்களின் பட்டியலில் வடசென்னையின் மணலியையும் சேர்த்தது. அங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. 1974-இன் நீர்ச் சட்டமும் 1981-இன் காற்றுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. மணலியிலும் எண்ணூரிலும் இயங்கும் ஆலைகள் மாநில வாரியத்திடம் இசைவாணை பெற்றாக வேண்டும். சட்டமும் அனுமதியும் இருந்தும் காற்று ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு, பொருளியலில் ஒப்பந்தக் கோட்பாடு என்னும் பிரிவு தெளிவான விடை தருகிறது.

இசைவாணையை ஓர் ஒப்பந்தமாகப் பார்க்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாசு வெளியேற்றுவதில்லை என்று ஆலை ஒப்புக்கொள்கிறது; அதற்கு ஈடாக, இயங்கும் உரிமையை வாரியம் தருகிறது. ஆனால் இரு தரப்புக்கும் தெரிந்தவை சமமாக இல்லை. தூசியைப் பிடிக்கும் கருவி நள்ளிரவில் ஓடியதா, மின்கட்டணத்தை மிச்சப்படுத்த நிறுத்தி வைக்கப்பட்டதா என்பது ஆலைக்குத் தெரியும், வாரியத்துக்குத் தெரியாது. இத்தகைய சூழலில் அரசு எப்படி விதி வகுக்க வேண்டும் என்பதை பொருளியலாளர்கள் ஜான் ஜாக் லஃபோனும் ஜான் டிரோலும் விரிவாக ஆராய்ந்தார்கள். டிரோலுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பொருளியலாளர் கேரி பெக்கர் 1968-இல் எழுதிய கட்டுரையின்படி, தவறு செய்பவர் எடை போடுவது அபராதத் தொகையை மட்டுமல்ல. பிடிபடும் வாய்ப்பையும் அதனுடன் பெருக்கிப் பார்க்கிறார். வாய்ப்பு பூச்சியத்தை நெருங்கினால் எவ்வளவு பெரிய அபராதமும் காகிதத்தில்தான் நிற்கும். ஆலையை மூடுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது போன்ற பெரிய தண்டனைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு அதில் அடங்கியிருப்பதால் அதிகாரி தயங்குவார், அவர் தயங்குவார் என்பது ஆலைக்கும் முன்பே தெரியும்.

ஆகவே அளவீட்டின் நம்பகத்தன்மைதான் முதல் கேள்வி. இதற்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்று குஜராத்திலிருந்து வருகிறது. அங்கே மாசு மிகுந்த ஆலைகள் தனியார் தணிக்கையாளரைக் கொண்டு ஆண்டுதோறும் அளந்து அறிக்கை தர வேண்டும். முன்பு அந்தத் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குக் கட்டணம் தந்ததும் ஆலையே. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான் ஆகியோர் அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில் ஈராண்டு ஆய்வு நடத்தினார்கள். பழைய முறையில் இருந்த ஆலைகளின் அறிக்கைகளில், புகைபோக்கித் துகள் அளவுகள் சட்ட வரம்புக்குச் சற்றே கீழே வந்து குவிந்திருந்தன. மறு ஆய்வில் உண்மை அளவு பெரும்பாலும் அதைவிட உயர்ந்திருந்தது. சீர்திருத்த முறையில் தணிக்கையாளர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார்; பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம் பெற்றார்; அவருடைய சில அளவீடுகள் மறுபடி சோதிக்கப்பட்டன; இரண்டாம் ஆண்டில் துல்லியத்துக்கு ஏற்ப ஊதியம் தரப்பட்டது. வரம்பை மீறிய ஆலையை ஒழுங்கானதாகக் காட்டும் பொய் அறிக்கைகள் சுமார் 80 சதவீதம் குறைந்தன. ஆலைகளும் மாசைக் குறைத்துக்கொண்டன. சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை; மாறியதெல்லாம் தணிக்கையாளர் தேர்வும் ஊதியமும்தான். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இதைவிட நம்பிக்கை தரும் முடிவு வேறில்லை.

அதே குழுவினர் மற்றொரு ஆய்வில் வாரிய அதிகாரிகளின் நேரடிச் சோதனைகளை அதிகப்படுத்தியபோது, சராசரி மாசு பெரிதாகக் குறையவில்லை. எந்த ஆலை மோசமாக மீறுகிறது என்பதை அனுபவமுள்ள அதிகாரி ஏற்கெனவே ஓரளவு அறிந்து அங்கேதான் செல்கிறார். குலுக்கலில் கூடுதலாகச் சேர்ந்த சோதனைகள் சிறு மீறல்களையே பெரும்பாலும் கண்டன. தணிக்கையாளரை ஒதுக்கக் குலுக்கல் தேவை, அதிகாரியின் அறிவுக்கு மாற்றாக அது ஆகாது.

ஒத்துழைப்பைக் கெடுக்கும் மற்றொரு காரணம் உண்டு. ஓர் ஆலை இந்த ஆண்டு வரம்பைவிட மிகக் குறைவாக மாசு வெளியேற்றிக் காட்டினால், அடுத்த ஆண்டு அதன் வரம்பு இறுக்கப்படலாம். இதை உணரும் மேலாளர் தன் ஆலையால் முடிந்ததையும் மறைப்பார். சூரத்தில் 2019-இல் தொடங்கிய துகள் மாசு அனுமதிச் சந்தை இந்தத் தயக்கத்தை நேரடியாகக் கையாள்கிறது: குறைவாக வெளியேற்றும் ஆலை தன் மிச்ச அனுமதியை விற்கலாம் என்பதால் திறமையை வெளிப்படுத்துவது லாபமாகிறது. அச்சந்தையில் மாசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது.

மாசு மிகுந்த 17 வகைத் தொழில்களில் தொடர் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்த மத்திய வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கருவியை வாங்குவதும் பராமரிப்பதும் ஆலையே என்பதால், தணிக்கையாளரிடம் இருந்த சிக்கல் இயந்திரத்திலும் தொடரக்கூடும்.

எந்த ஒப்பந்தமும் எல்லா நிலைமையையும் முன்கூட்டி எழுதிவிட முடியாது என்பது ஆலிவர் ஹார்ட்டின் ஆய்வுகளின் மையக் கருத்து. 2016-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தை நிறைத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் செல்லும் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வெளியேறினார்கள். இத்தகைய வேளைகளில் முதல் தகவல் தருபவர்கள் ஒப்பந்தத்தில் தரப்பாகவே இல்லாத மீனவக் குடும்பங்கள். அவர்களது புகாரை, தேதியும் நேரமும் குறித்த அளவீட்டுச் சான்றாக எடுத்துக்கொள்வது வாரியத்துக்கு மலிவான வழி: மணலி முதல் அத்திப்பட்டு வரையுள்ள ஆலைகள் அனைத்தும் பங்களிக்கும் ஒரு பொது நிதியை அமைத்து, புகார் வந்தவுடன் குலுக்கலில் தேர்வாகும் ஆய்வகம் அந்த நிதியிலிருந்து ஊதியம் பெற்று மாதிரி எடுக்கட்டும், முடிவு ஆலைக்கும் குப்பத்துக்கும் ஒரே நாளில் போய்ச் சேரட்டும்.