நரம்பில் ஊசி போடாதீர்கள்

உறவினருக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தேன். கையெழுத்துக்கு நீட்டிய தமிழ்ப் படிவத்தில் ‘மருந்து நரம்பு வழியாகச் செலுத்தப்படும்’ என்று அச்சடித்திருந்தார்கள். செவிலியர் புறங்கையைத் தட்டிப் பார்த்து ‘நரம்பே கிடைக்கல’ என்றால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், பேச்சு அப்படித்தான். அச்சில் வந்தால்தான் எரிச்சல். மருந்து ஏறுவது சிரையில், அதாவது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயில்; நரம்பில் அல்ல.

நரம்பு பழைய சொல். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, உடம்புக்குள் கயிறு போல ஓடுவதும் நரம்பு. கிரேக்கத்தின் ‘நியூரான்’கூட முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்ததுதான்.

‘புறநானூற்றுக் கிழவியின் தோளில் நரம்பெழுந்து உலறியதே, அது ரத்தக் குழாய்தானே?’ என்று உடனே ஒருவர் மடக்குவார். ஆமாம், மெலிந்த தோளில் புடைத்துத் தெரிவது சிரைதான். ஆனால் அந்தக் கிழவிக்கு யாரும் குளுக்கோஸ் ஏற்றவில்லையே! கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர் பிணங்களை அறுத்துப் பார்த்து, நரம்பு வேறு, ரத்தக் குழாய் வேறு என்று கண்டுசொல்லிவிட்டார். நம் படிவத்துக்கு மட்டும் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

நரம்பு என்பது மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்த வடம். மூளையிலிருந்து 12 இணை, தண்டுவடத்திலிருந்து 31 இணை கிளம்புகின்றன. அதில் ஓடுவது மின் துடிப்பு. மருந்து ஏற்ற உள்ளே துளை கிடையாது. நிஜமாகவே நரம்பில் குத்தினால்? புட்டத்தில் போடும் ஊசி இடம் தவறித் தொடையின் பெரிய நரம்பில் பட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடக்கும் குழந்தைகள் உண்டு. படிவத்தில் உள்ளபடி பார்த்தால் அதற்குத்தான் நம்மிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

‘சிரை’ வடசொல் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. சரி, இலங்கைப் பாடநூல்களைப் போல ‘நாளம்’ என்று சொல்லலாமே என்றால் அதுவும் வடமொழி என்பார்கள். குருதிக் குழாய், ரத்தக் குழாய், எதையாவது எழுதுங்கள். சிரையை விரட்டிவிட்டு அந்த நாற்காலியில் நரம்பை உட்கார வைப்பது எந்த ஊர்த் தனித்தமிழ்?

‘நரம்புச் சுருட்டு’ இதைவிட மோசம். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதாகி, ரத்தம் தேங்கிக் காலில் குழாய் முறுக்கிக்கொள்கிறது. நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் விளம்பரத் துண்டில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, நரம்பியல் மருத்துவர் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். உள்ளே போய் வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டியதும் மருத்துவர், ‘ஐயா, இதுக்கு நான் ஆள் இல்லை’ என்று வேறொருவருக்குச் சீட்டு எழுதித் தந்தாராம்.