மூலையை முயலே தேர்ந்தெடுக்கட்டும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கால்நடை மருத்துவம் என்றால் மாடும் ஆடும்தான் என்று வெளியூர் நண்பர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நாய், பூனைக்கு அடுத்தபடி என் மேசைக்கு இப்போது அதிகம் வருவது முயல்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் வளர்த்த காலத்தில் அது வீட்டுக்கு வெளியே கம்பிக் கூண்டில் கிடந்தது. கீழே விழுந்த புழுக்கையைக் கூட்டி வாழைக்கும் முருங்கைக்கும் போட்டார்கள், அதோடு சரி. பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தபோது முயலும் கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பிள்ளை அழுது வாங்கிய குட்டி, சில மாதத்தில் சோபாவில் ஏறி மூத்திரம் பெய்யும். அப்போதுதான் என் ஞாபகம் வரும்.

"டாக்டர், எத்தனை தடவ தூக்கி ட்ரேயில வெச்சாலும் இறங்கி வந்து அதே இடத்துலதான் போகுது. சரியான பிடிவாதம்." ட்ரே என்பது முயல் மூத்திரம் போக நாம் வைக்கும் தட்டு. ஏறக்குறைய எல்லாரும் இதே வார்த்தைகளில்தான் சொல்கிறார்கள். அந்த "அதே இடத்துலதான்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே இடத்தில் போகும் முயல் பாதிப் பாடத்தைத் தானே படித்து முடித்துவிட்டது. பழகாதது நாம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பது பெரும்பாலும் முயலின் உரிமையாளர்தான்.

நம் வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பியக் காட்டு முயல். அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாமல், வளைக்கு வெளியே சில இடங்களைக் கழிப்பிடமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே போகும். இது எங்கள் இடம் என்று அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பதும் அந்த இடத்து வாடைதான். ஆகவே ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும் குணம் பிறவியிலேயே இருக்கிறது. எந்த மூலை என்பதை மட்டும் அதனிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் குளியலறைப் பக்கத்தில் ட்ரே வைத்திருக்கிறீர்கள், அது தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் போகிறதா? ட்ரேயைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிக்குப் பின்னால் போங்கள். பழகிய பிறகு உங்களுக்கு வசதியான பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை நேரம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். மூத்திரம் வரும்போது முயல் முன்னால் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து, பின்பக்கத்தைச் சுவரோரம் நெருக்கும். வால் மெல்ல மேலே எழும்பும். காது கூட ஆடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். வால் எழும்பிய அந்த நேரத்தில் கத்தாமல், துரத்தாமல், மெதுவாக ட்ரே பக்கம் ஓட்டிவிட வேண்டும். ட்ரேயில் போய் முடித்தால் உடனே ஒரு சின்னத் துண்டு வாழைப்பழம். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. பழமும் ஒரு நகத்தளவுதான், அதற்கு மேல் வயிற்றைக் கெடுக்கும்.

இனி வயது. "நல்லாத்தான் பழகி இருந்துச்சு, திடீர்னு எல்லா இடத்துலயும் அடிக்குது" என்று வருகிற முயல்களுக்குப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். பருவத்துக்கு வந்துவிட்டது. ஆண் முயல் பின்பக்கத்தைத் திருப்பிச் சுவரிலும் நம் காலிலும் பீச்சி அடிக்கும், காலைச் சுற்றி வட்டமிட்டு உறுமும். பெண்ணும் எல்லை குறிக்கும், சில பெண்கள் கடிக்கவும் வரும். ஹார்மோன் செய்கிற இந்த வேலையை எந்த ட்ரேயும், எந்த அதட்டலும் நிறுத்தாது. இதற்குக் கருத்தடை அறுவைதான் வழி. ஆணுக்குச் சுமார் நான்கு மாதத்திலும் பெண்ணுக்கு ஐந்து, ஆறு மாதத்திலும் செய்யலாம். செய்த மறுநாளே அடங்கிவிடாது, ரத்தத்தில் உள்ள ஹார்மோன் வடிய சில வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் ஆண் முயலைப் பெண்ணோடு விடக் கூடாது, குட்டி உண்டாக்கும் சக்தி இன்னும் மிச்சம் இருக்கும்.

"பாவம் டாக்டர், அறுக்க வேணாம், ஒரு தடவையாச்சும் குட்டி போடட்டும்" என்று கேட்பவர்கள் பாதிப் பேர். முயலுக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட கையோடு மறுபடியும் சினைப்படவும் முடியும். இரண்டும் பெண் என்று சொல்லிச் சந்தையில் விற்ற ஜோடி வீட்டுக்கு வந்து என்ன செய்யும் என்பதை இந்த ஊரில் பல வீடுகள் அறியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வரும், மூன்று நான்கு வயதுக்கு மேல் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்குள் நன்றாக வளர்ந்தால் எட்டு, பத்து வருடம் இருக்கக்கூடிய பிராணி இது. நாய் பூனைக்குச் செய்வதுபோல் அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொல்லும் இடமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் ஓட்டம் நின்றால்தான் ஆபத்து. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர்களிடம் போக வேண்டும். நம் ஊரிலிருந்து ஈப்போ அரை மணி நேர ஓட்டம்தான். சிக்கலான கேஸ் என்றால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

சரி, ட்ரேக்கு வருவோம். கடையில் விற்கிற முக்கோண ட்ரேயைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் ஒரு வளர்ந்த முயல் உட்காரவே முடியாது. முயல் முழு உடம்பையும் நீட்டிப் படுக்கும் அளவு வேண்டும். உணவகங்களில் சாப்பிட்ட மங்கு, தட்டுகளை அள்ளிப் போடும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும், விலையும் குறைவு. பின்பக்க விளிம்பு உயரமாகவும், ஏறும் பக்கம் தாழ்வாகவும் இருந்தால் நல்லது. அடியில் பழைய நாளிதழ், அதன்மேல் காகிதக் குளிகை (பெல்லட்), ஒரு முனையில் கைநிறையக் காய்ந்த புல். இந்தப் புல்லைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முயல் தின்றுகொண்டே கழியும் பிராணி. புல் ட்ரேக்குள் இருந்தால் அது மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். சாப்பிடும் இடத்திலா என்று நமக்குத்தான் கூச்சம்.

பூனை மணல் மட்டும் வேண்டாம். ஈரம் பட்டதும் கட்டியாகும் அந்த மணலை முயல் கொறித்தால் வயிற்றுக்குள்ளும் கட்டியாகும். பைன் மரச் சீவல் வாசமாக இருக்கும், ஆனால் அந்த வாசத்தில் உள்ள பொருள்தான் ஈரலைப் பாதிக்கிறது. இங்கே இலவசமாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரப் பலகைத் தொழிற்சாலையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவருகிறார்கள். ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போராக்ஸ் கலந்த மருந்தை ஏற்றுவது வழக்கம். எந்தத் தூள் மருந்து ஏற்றுவதற்கு முன் வந்தது, எது பின் வந்தது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தூசு வேறு மூக்கை அடைக்கும்.

புல்லுக்கும் இதே எச்சரிக்கை. முயல் உணவில் பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், புல்லாக இருக்க வேண்டும். இறக்குமதியாகும் திமோத்தி புல் விலை கையைக் கடிக்கிறது என்று செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் அறுத்து வருகிறார்கள். பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரியில் தடை செய்துவிட்டது என்றாலும் கிளைபோசேட் போன்ற மற்ற மருந்துகளை இன்னும் அடிக்கிறார்கள். அடித்த அன்றே புல் வாடிவிடாது, பச்சையாகத்தான் தெரியும். வீட்டுக் கொல்லையில் மருந்து படாமல் வளர்ந்த நேப்பியர் புல்லோ கினி புல்லோ அறுத்து வெயிலில் காயவைத்துக் கொடுங்கள், செலவும் மிச்சம்.

முயல் ட்ரேயை விட்டு வெளியே போவதற்கு நம் ஊருக்கென்றே ஒரு காரணம் உண்டு, வெளிநாட்டு முயல் புத்தகங்கள் அதைச் சொல்லாது. மத்தியானம் 33 டிகிரி, மேலே தகரக் கூரை. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பித்துவிடும். ட்ரேயை அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடையில், வெயில் படும் பக்கம் வைத்துவிட்டு, உள்ளே குளிர்ந்த டைல்ஸ் தரையில் போகிறது என்று திட்டுகிறார்கள். நானாக இருந்தாலும் டைல்ஸில்தான் படுப்பேன். ட்ரேயை நிழலான, காற்று வரும் இடத்துக்கு மாற்றி, பக்கத்தில் துணி சுற்றிய குளிர் தண்ணீர் போத்தல் ஒன்றை வைத்தாலே சில முயல்கள் வழிக்கு வந்துவிடுகின்றன.

வீடு முழுவதும் விட்டுவிட்டு ட்ரேயைத் தேடிப் போ என்றால் போகாது. முதலில் ஒரு தடுப்புக்குள் ட்ரே, தண்ணீர், படுக்க இடம். அங்கே தவறாமல் போக ஆரம்பித்த பிறகு கூடம், அப்புறம் மற்ற அறைகள். இடையில் கெட்டுப்போனால் மறுபடியும் தடுப்புக்குள். சோபாவும் மெத்தையும் கடைசிவரை சந்தேகத்துக்குரியவைதான், மெத்தென்று இருக்கும் இடம் முயலுக்கு ட்ரே மாதிரியே தோன்றும்.

ட்ரேயைக் கழுவும்போது பளபளவென்று கழுவி வெயிலில் காயவைத்துவிட்டால் அதன் வாடை போய்விடும், முயலுக்கு அது புது ட்ரே. மூத்திரம் நனைத்த காகிதத் துண்டு ஒன்றை விட்டுவையுங்கள். தரையில் போன இடத்தை மட்டும் நன்றாகத் துடைக்க வேண்டும். அதற்கு வெள்ளை வினிகர் போதும், முயல் மூத்திரத்தின் வெள்ளைக் கறை கால்சியம் என்பதால் வினிகரில் கரையும். பிளீச் ஊற்ற வேண்டாம். மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் வரும் புகை முயலுக்கும் கெடுதல், பிள்ளைகளுக்கும் கெடுதல்.

மூத்திரம் ட்ரேயில் விழ ஆரம்பித்த பிறகும் அங்கங்கே சில காய்ந்த புழுக்கை கிடக்கும். அது எல்லைக்கல், கூட்டித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். திராட்சைக் கொத்துபோல் மினுமினுப்பாக, மெத்தென்று ஒன்று கிடந்தால் அது வேறு கதை. முயல் தன் ஆசனவாயிலிருந்தே வாயில் எடுத்து மறுபடியும் தின்னும் சத்துள்ள கழிவு அது. தின்பதைப் பார்த்து அருவருத்து அடிக்காதீர்கள், அது அதற்குத் தேவை. தின்னாமல் தரையில் விட்டு மிதித்துக்கொண்டிருந்தால் தீவனக் குளிகையும் பழமும் அதிகமாகிவிட்டன, அல்லது முயல் குண்டாகி வாயை அங்கே கொண்டுபோக முடியவில்லை.

அடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூனைக்குச் செய்வதுபோல் மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். காதைப் பிடித்துத் தூக்குபவர்களும் இருக்கிறார்கள். முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகிப் பிழைத்த இனம், அடித்த கைக்குப் பயப்படுமே தவிர அடித்த காரணத்தைக் கற்காது. பயந்து உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அப்படி முதுகு முறிந்து பின்னங்கால் விழுந்துபோய் வந்தவற்றுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

வருடக்கணக்கில் ஒழுங்காக ட்ரேயில் போய்க்கொண்டிருந்த முயல் திடீரென்று வெளியே போக ஆரம்பித்தால் பழக்கத்தைத் திருத்தப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். மூத்திரப்பையில் கால்சியம் சேறாகப் படிந்திருக்கலாம், தொற்று இருக்கலாம், கம்பித் தரையில் நின்று பாதம் புண்ணாகி இருக்கலாம். வயதானதாக இருந்தால் மூட்டுவலியில் ட்ரே விளிம்பைத் தாண்ட முடியாமல் இருக்கலாம். முன்விளிம்பை வெட்டித் தாழ்த்திக் கொடுத்ததும் மறுபடியும் ட்ரேக்குத் திரும்பிய கிழட்டு முயல்களைப் பார்த்திருக்கிறேன். மூத்திரம் ஆரஞ்சாக, சிவப்பாக இருந்தால் உடனே பதற வேண்டாம், தின்ற கீரையின் நிறமி அப்படி ஆக்கும். சிவப்பு சொட்டுச் சொட்டாகத் தனியே தெரிந்தாலோ, முக்கிக்கொண்டு நின்றாலோ, பின்பக்கம் எப்போதும் நனைந்தே இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. நனைந்த இடத்தில் ஈ முட்டையிட்டால் நம் வெக்கைக்கு ஒரே நாளில் புழு வைத்துவிடும். புல்லைத் தொடாமல், புழுக்கையும் போடாமல் பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டால் ட்ரே, சோபா எல்லாவற்றையும் மறந்துவிட்டு நடுராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.