48 மெகாபிக்சல் என்று சொன்னால் போதுமா?

இணையத்தில் மலிவாக வாங்கிய கேமரா அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெட்டியில் 48 மெகாபிக்சல், அதாவது 4.8 கோடி புள்ளிகள், என்று போட்டிருக்கிறதாம். எடுத்த படத்தின் அளவும் 8000 × 6000 பிக்சல் என்று சரியாகவே காட்டுகிறதாம். ஆனாலும் அவருடைய பழைய போன் எடுக்கும் படம்தான் தெளிவாக இருக்கிறதாம். இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: கேமராவில் இருக்கும் பெயர் உண்மையா, சொன்ன திறன் உண்மையா.

பெயரைச் சரிபார்ப்பது எளிது. கேமராவின் உடலில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பல கேமராக்கள் அதே எண்ணைப் படக் கோப்புக்குள் எக்ஸிஃப் தகவலாகவும் (படத்தைப் பற்றிய குறிப்புகளாக) எழுதிவைக்கும். எடை, தயாரிப்பாளர் சொல்லும் எடையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய ஃபர்ம்வேரை (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை) கேமரா ஏற்றுக்கொண்டால் அது நல்ல சான்று. மாடல் பெயர் வேறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பதற வேண்டாம். கேனான் இஓஎஸ் 700டி என்பதும், ரெபல் டி5ஐ என்பதும், கிஸ் எக்ஸ்7ஐ என்பதும் வெவ்வேறு சந்தைகளில் விற்ற ஒரே கேமராதான். வேறு நாட்டுக்காகச் செய்தது கைக்கு வந்திருந்தால், கேமரா அசல். வாரண்டி கிடைப்பதுதான் சிரமம்.

சரி, திறனுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சென்சார் என்பது கோடிக்கணக்கான சிறு சிலிக்கான் கட்டங்கள் கொண்ட தட்டு. ஒளியின் ஃபோட்டான்கள் விழுந்தால் எலக்ட்ரான்கள் விடுபடும். அவற்றை எண்ணினால் அந்தக் கட்டத்தின் வெளிச்சம் கிடைத்துவிடும். மலிவான கேமராவில் இருப்பது 5 மெகாபிக்சல் சென்சார் என்று வைத்துக்கொள்வோம். அது தருவது 2592 × 1944 புள்ளிகள். அதை 8000 × 6000 ஆக்குவது உள்ளே இருக்கும் சிப்பின் வேலை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே, அவற்றின் சராசரியை ஒட்டிப் புதுப் புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. இதற்கு இடைக்கணிப்பு என்று பெயர். கடைசியில் கிடைக்கும் படத்தில் ஏறத்தாழ பத்துக்கு ஒரு புள்ளிதான் ஒளியைப் பார்த்தது, மற்றதெல்லாம் கணக்கு. பலூனில் வரைந்த படம் ஊத ஊதப் பெரிதாகும், புதிதாக ஒரு கோடுகூட அதில் முளைக்காது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நல்ல வெளிச்சத்தில், கேமராவை அசையாமல் வைத்து, இலை நரம்போ துணியின் நெசவோ நிறைந்த காட்சியை எடுங்கள். கணினியில் அந்தப் படத்தை 2592 × 1944 ஆகச் சுருக்குங்கள். அப்புறம் மறுபடியும் 8000 × 6000 ஆகப் பெரிதாக்கி, முதல் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான 48 மெகாபிக்சல் படமாக இருந்தால் நுண்ணிய நரம்புகள் சுருக்கும்போதே போயிருக்கும். திரும்பி வரவே வராது. போலி என்றால் இரண்டு படங்களுக்கும் வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் தொலைவதற்கு அதில் ஒன்றும் இருந்ததில்லை. ஃபோகஸ் தவறினாலோ கை நடுங்கினாலோ அசல் கேமராவும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். ஆகவே ஒரே படத்தை நம்பாமல் சில படங்களை எடுத்துப் பாருங்கள்.

இதைவிட அழகான சாட்சி ஒன்று இருக்கிறது: இரைச்சல். மங்கிய வெளிச்சத்தில் வெறும் சுவரைப் படம் எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அதுதான். ஃபோட்டான்கள் ஒழுங்காக வரிசையில் வருவதில்லை, மழைத்துளிபோல் முன்பின்னாக விழுகின்றன. சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய கட்டத்தில் சுமார் 10 கூடவோ குறையவோ விழும். 10,000 விழும் இடத்தில் சுமார் 100. அதாவது வர்க்கமூலம். ஒரு கட்டத்தில் கூடியதா குறைந்ததா என்பது பக்கத்துக் கட்டத்துக்குத் தெரியாது. அதனால் அசல் சென்சாரின் இரைச்சல் மிகப் பொடியாக இருக்கும். நிறங்களைக் கோக்கும் கணக்கும் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளும் அதைக் கொஞ்சம் மழுப்பும், அவ்வளவுதான். இடைக்கணிப்பில் பிறந்த புள்ளிகளோ பக்கத்துப் புள்ளிகளிலிருந்தே வந்தவை. எனவே இரைச்சலும் சேர்ந்து ஊதிப்போய்த் திட்டுத் திட்டாக நிற்கும். படத்தை முழு அளவில் திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பெட்டியில் என்ன எழுதினாலும், எக்ஸிஃபில் எதைத் திணித்தாலும், ஒளி போட்ட இந்தக் கையெழுத்தை எளிதில் மாற்ற முடியாது.

வேறொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். 1/3 அங்குலம் என்று சொல்லப்படும் சென்சாரின் அகலம் சுமார் 4.8 மில்லிமீட்டர். அதில் 8000 கட்டங்களை அடைத்தால் ஒவ்வொன்றும் 0.6 மைக்ரோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 0.55. ஒளி நுழையும் திறப்பு எஃப்/2 அளவுள்ள, குறையே இல்லாத லென்ஸானாலும் ஒரு புள்ளி ஒளியைச் சுமார் 2.7 மைக்ரோமீட்டர் அகல வட்டமாகத்தான் விழவைக்கும். குறுக்கே நான்கு கட்டங்களுக்கு மேல் மூடும் வட்டம் அது! அப்படியொரு சென்சாரை உண்மையாகவே செய்தாலும் அந்தக் கட்டங்கள் முழுப் பயன் தராது.

மெகாபிக்சல் கூடினால் படம் தெளிவாகும் என்பது நம் காலத்து மூடநம்பிக்கை என்றே சொல்வேன். இன்றைய போன்களிலும் கேமராக்களிலும் இருக்கும் சிமாஸ் (CMOS) வகைச் சென்சாரின் அடிப்படையை 1990-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாஸம் குழுவினர் விண்கலங்களுக்காக உருவாக்கினார்கள். விண்வெளிக்குச் செலவழிப்பது வீண் என்று பேசுகிறவர்கள் தங்கள் போனைத் திருப்பி அதன் கேமராவைப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வின் பலனாகத்தான் நல்ல 5 மெகாபிக்சல் சென்சார் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. அதை 5 என்றே சொல்லி விற்றிருக்கலாம். ஒரு பிள்ளையின் முதல் கேமராவுக்கு அது தாராளம். 48 என்று சொல்லி விற்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

வாசகருக்கு: பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதனையைச் செய்துவிடுங்கள். விற்றவருக்கு அனுப்பும்போது, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும் சுருக்கி விரித்த படத்தையும், இரண்டிலும் ஒரே பகுதியை வெட்டியெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். உடன் வந்த மெமரி கார்டையும் விட்டுவிட வேண்டாம். அதை முழுக்க நிரப்பி, முதலில் எழுதிய கோப்புகள் இன்னும் திறக்கின்றனவா என்று பாருங்கள். கொள்ளளவில் பொய் சொல்லும் கார்டுகளில் கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் படம் இருக்காது.