143 யார் விட்ட பிழை?

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் கடை. பில் போடும் ஜாவா புரோகிராம் லினக்ஸ் சேர்வரில் ஓடுகிறது. இரவு கடை பூட்டும்போது அங்கு நிற்கிற பெடியன் அதை முறைப்படிதான் நிறுத்துவான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் சிவப்பு எழுத்தில் 'ஃபெயில்ட்' என்று வரும்.

"அண்ணை, நான் ஒண்டும் பிழையாச் செய்யேல்லையே?" என்று போன் எடுத்தான். வாசிக்கச் சொன்னேன். 'கோட்=எக்ஸிட்டட், ஸ்டேட்டஸ்=143.'

எல்லாரும் 143-ஐத்தான் பார்ப்பார்கள். எனக்கு 'எக்ஸிட்டட்' போதும்.

ஒரு புரோகிராம் முடிந்ததும், அது தானாக வெளியேறியதா, சிக்னல் (புரோகிராமுக்கு அனுப்பப்படும் எண் போட்ட அறிவிப்பு) வந்து செத்ததா என்று திடீர் மரண விசாரணை அதிகாரி மாதிரி லினக்ஸின் மையமான கேர்னல் குறித்து வைக்கிறது. தானாக வெளியேறினால் கூடவே ஒரு எண். அதற்கு 8 பிட் இடம்தான். அதனால் 256 என்று சொல்லி வெளியேறுகிற புரோகிராம் 0 ஆகி, நல்ல பிள்ளையாகிவிடும்! சிக்னல் என்றால் அதன் இலக்கம் வேறு பிட்டுகளில் பதிவாகும்.

இந்தக் குறிப்பை வாசித்துத் தீர்ப்புச் சொல்வது, லினக்ஸில் புரோகிராம்களைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டி. 0 என்றால் சரி. சிக்ஹப், சிக்இன்ட், சிக்பைப், சிக்டெர்ம் ஆகிய நாலு சிக்னல்களால் முடிந்தாலும் வழக்கமாகச் சரிதான். மற்றதெல்லாம் தோல்வி.

நிறுத்தச் சொன்னால் சிஸ்டம்டி அனுப்புவது சிக்டெர்ம், இலக்கம் 15. சாதாரண புரோகிராம் அதிலேயே செத்துவிடும், வழக்கு முடிந்தது. ஜாவா அப்படியில்லை. சிக்னலைப் பிடித்து, செய்ய வேண்டிய துப்புரவை முடித்து, பிறகு தானாகவே 143 என்று சொல்லி வெளியேறும். 128-உடன் 15-ஐக் கூட்டுவது, நாங்கள் கட்டளை தட்டுகிற ஷெல்களின் பழைய வழக்கம். சிஸ்டம்டி அந்தக் கணக்குப் பார்க்காது. தானாகப் போனது, எண் 0 இல்லை, ஆகவே தோல்வி.

மருந்து ஒரே வரி: புரோகிராமை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் 'சக்சஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=143'. அப்புறம் சிஸ்டம்டி அதைத் திரும்ப வாசிக்க டேமன்-ரீலோட். இதே சாட்டில் 137-ஐயும் சேர்த்துவிடாதீர்கள். அது 128-உடன் 9, பிடிக்க இடம் தராமல் கொல்லும் சிக்கில் சிக்னல். மெமரி முடிந்து கேர்னல் கொன்றபோதும் கொன்டெய்னர்களில் (புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் முறை) அந்த எண்தான் வரும். அதைச் சரி என்று எழுதினால் உண்மையான வருத்தம் மறைந்துபோகும்.

அடுத்த இரவு சிவப்பு இல்லை. மூன்றாம் நாள் காலை மெசேஜ்: "அண்ணை, இப்ப 203 எண்டு காட்டுது."

203 புரோகிராம் சொன்ன எண்ணே அல்ல. கோப்பை இயக்கவே முடியவில்லை என்று சிஸ்டம்டி போடும் எண் அது. பெடியன் ஜாவாவை அப்டேட் பண்ணி, பழைய ஃபோல்டரை அழித்திருக்கிறான்.